ஆடிட்டரின் அடுத்த பரீட்சை

சி.ஏ. தேறி மும்பையிலோ டெல்லியிலோ நல்ல கம்பெனியில் உட்கார்ந்துவிட்ட பையன், "வேலையை விட்டுவிட்டு அக்கவுண்டிங்கில் பிஎச்.டி. பண்ணப்போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், அப்பாவிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "கணக்கில் ஆராய்ச்சி பண்ண என்னடா இருக்கிறது? டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனால் சரி."

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பல காமர்ஸ் துறைகளிலேயே இதற்குத் தெளிவான பதில் கிடைக்காது. அங்கே தீசிஸ் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு மாவட்டத்தில் வங்கி வாடிக்கையாளர்களின் திருப்தி பற்றிய ஆய்வு. 'மிகவும் திருப்தி'யிலிருந்து 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து கட்டங்கள், டிக் அடித்த கேள்வித்தாள்கள், பக்கம் பக்கமாகச் சதவிகித அட்டவணைகள். கடைசி அத்தியாயத்தில் வங்கிகள் சேவையை மேம்படுத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை. இதில் கணக்குப் பதிவியல் எங்கே என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை.

உண்மையில் இந்தத் துறையின் கேள்விகள் வேறு. ரே பால், பிலிப் பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் சிகாகோவில் ஒரு சந்தேகத்தைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோதான முறையில் கணக்கெழுதும்போது, கடைசியில் வரும் லாபம் என்ற எண்ணுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் பலர் இல்லை என்றே எழுதிவந்தார்கள். இவர்கள் 261 கம்பெனிகளின் லாபத்தையும் பங்கு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அர்த்தம் இருந்தது. ஆனால் செய்தியின் பெரும்பகுதியைக் கணக்கு வெளியாவதற்கு முன்பே சந்தை மோப்பம் பிடித்துவிட்டிருந்தது. 1968-ல் வெளிவந்த இந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய ஏடு ஏற்கவில்லை, இது கணக்கியலே அல்ல என்று காரணம். இன்று அதைப் படிக்காமல் இத்துறையில் யாரும் டாக்டர் பட்டம் வாங்க முடியாது.

இந்தியாவில் கேள்விகளுக்குப் பஞ்சமா? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கற்பனை என்று கடிதம் எழுதினார். ஆடிட்டரிடம் கேட்டால், வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும் என்பார். சரியான பதில்தான். ஆராய்ச்சி மாணவரின் கேள்வி அதற்குப் பிறகு தொடங்குகிறது: முந்தைய வருடங்களின் எண்களிலேயே பொய்யின் வாடை அடித்ததா? அடித்திருந்தால், பங்கு வாங்கியவர்கள் மூக்கில் ஏன் ஏறவில்லை?

இந்தியச் சட்டங்களும் நல்ல பரிசோதனைக் கூடங்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, நிகர லாபம் 5 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, தன் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 5 கோடிக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர் மாட்டிக்கொள்வார், கொஞ்சம் கீழே இருப்பவர் தப்பிப்பார். இப்படி ஒரு கோட்டைச் சட்டமே கிழித்துக் கொடுத்தால் ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்? ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஹரிஓம் மஞ்சிராஜுவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிவராம் ராஜகோபாலும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கட்டாயத்துக்கு உள்ளான கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4.1 சதவிகிதம் சரிந்தது என்று 2017-ல் எழுதினார்கள். சட்டம் தவறு என்று இதற்கு அர்த்தமல்ல. தர்மத்துக்கு யார் பையிலிருந்து பணம் போனது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வழி முன்னைவிடத் திறந்திருக்கிறது. சி.ஏ.வை முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக யு.ஜி.சி. 2021-ல் ஏற்றது. ஐ.ஐ.எம்.கள் அதற்கு முன்பிருந்தே இவர்களைச் சேர்த்துவந்தன. 2022-ம் வருட விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், பொதுவாக ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. யு.ஜி.சி.யின் ஜூனியர் ஃபெலோஷிப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆடிட் நிறுவனத்தில் சில வருடம் குப்பை கொட்டியவருக்கு இது சம்பளக் குறைப்பு. வகுப்புக்குப் போனால் அங்கே வவுச்சர் இல்லை, புள்ளியியலும் நுண்பொருளியலும்தான். எந்த விதி எந்தப் பதிவுக்குப் பொருந்தும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவர், அந்த விதி எதற்கு என்று கேட்டால் முதல் வருடம் திணறுகிறார். போதாததற்கு, உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் போதும் என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. பிறகு எதற்கு இந்த வனவாசம் என்று அப்பா மறுபடி கேட்பார்.

ஆனால் வெளியிலிருந்து வரும் பொருளியல்காரருக்கு இல்லாத ஒரு சொத்து இவரிடம் உண்டு. மார்ச் 31 நெருங்கும்போது ஒரு ஃபைல் எப்படிக் கனக்கிறது, எந்த எண்ணை யார் எந்த மேஜையில் மாற்றச் சொல்கிறார்கள் என்பதை ஆர்ட்டிகிள்ஷிப் காலத்திலேயே பார்த்தவர் அவர். பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து வருடத்துக்கு மேல் நீடிக்கக்கூடாது என்று அதே 2013 சட்டம் சொன்னதால், 2017-ல் பெரிய அளவில் ஆடிட்டர்கள் மாறினார்கள். இதனால் தணிக்கை கண்டிப்பானதா, அல்லது புது ஆடிட்டருக்குக் கம்பெனி பிடிபடவே இரண்டு வருடம் ஆனதா? அப்போது பொறுப்பேற்று இரண்டு தவணையும் முடிக்கிறவர்கள் 2027-ல் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இப்போது சேருகிற மாணவர் தீசிஸ் எழுத உட்காரும்போது அந்த எண்களும் வந்து சேர்ந்திருக்கும்.