மணி அடித்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பலர் பிள்ளைகளை ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்புகிறீர்கள். "சார், என் பையன் பஸ்ஸரில் போன் மணி அடிக்க வெச்சுட்டான்" என்று வீடியோவும் அனுப்புகிறீர்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒலி எப்படி வருகிறது என்று பிள்ளையைக் கேட்டால், "லைப்ரரி பண்ணுது தாத்தா" என்கிறான். ஒலி வந்த இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்க வேண்டும். நாம் அங்கேயே முடித்துவிடுகிறோம். மாதாமாதம் ஃபீஸ் கட்டுவது இதற்காகவா?

2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்பில் பிஐஓ என்று ஒரு பகுதி உண்டு. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், பின்னை உயர்த்து, தாழ்த்து, காத்திரு என்று தனியாக உழைக்கும் எட்டு வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் 9.

லேண்ட்லைனில் ஒருவரைக் கூப்பிட்டால் நம் காதில் கேட்ட மணி 400 ஹெர்ட்ஸ். 0.4 வினாடி ஒலி, 0.2 அமைதி, மறுபடி 0.4 ஒலி, பிறகு 2 வினாடி அமைதி. இப்போது கணக்கைப் பாருங்கள்.

"உயர்த்து" ஒரு கட்டளை, "தாழ்த்து" ஒரு கட்டளை. ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. அதோடு 31 துடிப்பு வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆக ஓர் அலைக்கு 64 துடிப்பு. 400 அலைக்கு 25,600. சிப்பின் கடிகாரம் வழக்கமாக வினாடிக்கு 12.5 கோடி முறை துடிக்கிறது. வகுத்தால் 4882.8125. பின்னத்தை 256-ல் பங்காகத்தான் கொடுக்க முடியும். 0.8125 என்பது 208/256. மிச்சமே இல்லை!

அந்த மணியில் ஒரு நடுக்கமும் இருக்கும். ஒலி வினாடிக்கு 25 முறை ஏறி இறங்குவதால் வருவது அது. அதே இரண்டு கட்டளையில் 25-ஐப் போட்டுப் பாருங்கள்: வகுக்கும் எண் 78,125. ஆனால் சிப் 65,536-க்கு மேல் ஏற்காது. என்ன செய்வது? உயர்த்திய பிறகும் தாழ்த்திய பிறகும் சும்மா இருக்கும் கட்டளை ஒவ்வொன்று, அதே 32 துடிப்புக்கு. அலைக்கு 128 துடிப்பு ஆகிறது. வகுக்கும் எண் 39,062.5. அடங்கிவிட்டது.

இப்படி ஒரு இடத்தில் முட்டி, யோசித்து, வழி கண்டுபிடிக்கும் பிள்ளைதான் நாளைக்கு இன்ஜினியர். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் எதற்கு என்பதும் அவனுக்கு அன்றைக்குப் புரியும்.

"சார், ஒரு ஒலிக்கு பிடபிள்யூஎம் போதுமே" என்று எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கேட்பீர்கள். வேலை முடிய அது போதும். படி படியாகக் கண்ணால் பார்த்துக் கற்க பிஐஓ நல்லது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. பழைய டெலிபோனின் நிஜ மணிக்குச் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வேண்டும். பிக்கோ தருவது 3.3 வோல்ட். பிள்ளைகள் சின்ன பீசோ பஸ்ஸரோடு நிற்கட்டும்.

வீட்டுப்பாடம்: 440 ஹெர்ட்ஸுக்கு வகுக்கும் எண் என்ன? மிச்சமில்லாமல் வருமா? பிள்ளைகளே போட்டு கமெண்டில் எழுதட்டும். அப்பா அம்மா சொல்லிக்கொடுக்கக் கூடாது!