வண்டி வைத்தியம்: போடிமெட்டு ஏறும்போது மட்டும் திக்கும் கார்!

தேனியில் கிளம்பும்போது கார் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. போடி தாண்டி, முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்து ஏற்றம் ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், வண்டி இழுக்காமல் திக்குகிறது. மீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினாலோ, நிறுத்திய இடத்தில் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது!

பத்துப் பன்னிரண்டு வயதான பெட்ரோல் கார் வைத்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது பழகிய கதை. அடுத்து நடப்பதும் பழகியதுதான்.

"அண்ணே, லைட் எரியுது."

"ஸ்கேன் பண்ணிட்டேன் தம்பி. காயில் கோடு வருது. நாலையும் மாத்திரலாம்."

நான்கு காயில், நான்கு பிளக், கூலி என்று பில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அடுத்த வாரம் குமுளி ஏறும்போது அதே திக்கல், அதே விளக்கு!

ஸ்கேனரில் வரும் எரர் கோடு, கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. கதவு எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஏற்றத்தில் மட்டும் ஏன்?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புவது இக்னிஷன் காயிலின் வேலை. பிளக் முனையில் இருக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை அந்தக் கரண்ட் தாண்டும்போதுதான் பொறி பிறக்கிறது.

சும்மா நிற்கும்போது சிலிண்டருக்குள் காற்று குறைவு. பொறி சுலபமாகத் தாவிவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது காற்று அதிகமாக உள்ளே போகிறது, அழுத்தம் கூடுகிறது. அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. காயில் சோர்ந்திருந்தாலோ, பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, ஒயரில் வெடிப்பு இருந்தாலோ, பொறி தாவாமல் போகும். இல்லையென்றால் வேறு வழியாக பாடியில் இறங்கிவிடும். அந்த ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் போவதைத்தான் மிஸ்ஃபயர் என்கிறோம். ஒர்க்ஷாப் பாஷையில் 'மிஸ்ஸிங்'. தேனியில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது கோளாறு ஒளிந்துகொள்ளும் காரணம் இதுதான்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஜூன், ஜூலையில் தேனிப் பக்கம் காய்ந்து கிடக்கும். லோயர்கேம்ப் தாண்டி குமுளி போனால் சாரலும் பனிமூட்டமும். வெயிலில் வெடித்த பிளக் ஒயரின் ரப்பர், அங்கே ஈரம் பட்டதும் கரண்டைக் கசியவிடுகிறது.

ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். போடிமெட்டு நாலாயிரம் அடிக்கும் மேலான உயரம். மேலே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், நல்ல நிலையில் இருக்கும் காரும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கத்தான் செய்யும். ஒரே சீராக இழுவை குறைந்தால் அது மலையின் குணம். விட்டு விட்டுத் திக்கினால் வண்டியின் கோளாறு.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்களுக்கு மலையில் வண்டி ஓட்டுவது அத்துப்படி. ஆனால் அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினில் பொறி கொடுக்கும் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. எனவே வளைவில் எப்படித் திருப்புவது என்று அவர்களிடம் கேளுங்கள். பெட்ரோல் காரின் மிஸ்ஸிங்குக்கு அவர்கள் வைத்தியம் பொருந்தாது.

உங்கள் காரில் கோடு கிடைக்குமா?

கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 போன்றவற்றில் எரர் கோடு என்பதே கிடையாது. காதும் கண்ணும்தான் ஸ்கேனர்.

2000-க்குப் பிறகு பெட்ரோலை ஊசி மூலம் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை பரவியது. அதைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ என்ற குட்டிக் கணினியும் கூடவே வந்தது. பழைய மாருதிகள் சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமலே கோடு பார்க்கலாம்: குறிப்பிட்ட முனையை எர்த் செய்தால் மஞ்சள் விளக்கு மின்னிக் காட்டும். ஒரு மின்னல், சின்ன இடைவெளி, பிறகு இரண்டு மின்னல் என்றால் 12. அதன் பொருள், கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்பது.

பாரத் ஸ்டேஜ்-4 விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் வந்தது. படிப்படியாக விரிந்து, 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் அமலானது. அந்த விதியோடு சேர்ந்து வந்ததுதான் ஓ.பி.டி எனும் கோளாறு கண்டறியும் வசதி. மிஸ்ஃபயரைத் தானே கவனித்துச் சொல்லும் இரண்டாம் கட்ட ஓ.பி.டி 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதனால் ஒரே வருடம், ஒரே மாடலாக இருந்தாலும், அன்று சென்னையில் வாங்கிய காரும் தேனியில் வாங்கிய காரும் ஒரே மாதிரி கோடு காட்டும் என்று சொல்ல முடியாது. பழைய கார் வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இதையும் பாருங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட் இருந்தால், புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி உங்கள் செல்போனிலேயே கோடு பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஓ.பி.டி-2 கார்களில் பெரும்பாலும் வேலை செய்யும். அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் இருந்தாலும் பேசாமல் போகலாம்.

கோடு என்ன சொல்கிறது?

ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கினால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து வரும் 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைக் குறிக்கும். அதற்கடுத்த 3, இக்னிஷன் அல்லது மிஸ்ஃபயர்.

* பி0301 முதல் பி0304 வரை: கடைசி எண், மிஸ் ஆகும் சிலிண்டரின் எண். காரணம் காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.
* பி0300: எந்த சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, எர்த் போன்ற பொதுவான காரணங்களை முதலில் பாருங்கள்.
* பி0351 முதல் பி0354 வரை: குறிப்பிட்ட காயிலின் மின்சுற்றில் கோளாறு. நான்கும் ஒரே நேரத்தில் வந்தால், நான்கு காயிலும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். ஃபியூஸ், பொதுவான கரண்ட் ஒயர், எர்த் ஒயர் இவற்றில் ஒன்று போயிருக்கும். எலி கடித்ததாகவும் இருக்கலாம்!
* பி0335: கிராங்க் சென்சாரின் மின்சுற்று. இன்ஜின் சூடானதும் அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் கார்களில் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

கோடோடு சேர்த்து 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன, எவ்வளவு சுமையில் இழுத்தது என்பதையெல்லாம் அது காட்டும். மெக்கானிக் தேனியில் நின்றபடி போடிமெட்டு வளைவைப் பார்க்க இதுதான் வழி. அதனால் கோடை அழிக்கும் முன் இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைத்தால் இந்தச் சாட்சியும் அழிந்துபோகும்.

காசில்லாத சோதனை

மாருதியின் கே-சீரிஸ் இன்ஜின்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட காரில் பி0301 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், அங்கிருந்ததை இங்கேயும் மாற்றுங்கள். கப்ளர் 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும்.
2. கோடை அழித்துவிட்டு, கோளாறு வருகிற அதே மாதிரி ஏற்றத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்.
3. இப்போது பி0303 வந்தால், கோளாறு காயிலோடு இடம் மாறியிருக்கிறது. குற்றவாளி அந்த ஒரு காயில்தான். ஒன்று மட்டும் வாங்கினால் போதும்.
4. மறுபடி பி0301 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றிப் பாருங்கள்.
5. அதற்கும் பி0301 நகரவில்லை என்றால் கப்ளர், ஒயர், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். இது மெக்கானிக்கின் வேலை.

பழைய சான்ட்ரோ போன்றவற்றில் காயில் தனியாக இருந்து, பிளக்குக்கு ஒயர் போகும். ஒரு காயில் இரண்டு சிலிண்டரைக் கவனிக்கும் அமைப்பில் 1, 4 இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் மிஸ் ஆனால் பெரும்பாலும் அதன் பிளக் அல்லது ஒயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினைத் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். ஒயரின்மேல் நீலப் பொறி ஊர்ந்தால் கசிவு அங்கேதான்.

கழற்றிய பிளக்கையும் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் பீங்கானில் மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடினால் கரண்ட் அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், வால்வ் கவர் ரப்பரை மாற்றாமல் புதுக் காயில் போடுவது வீண். அதுவும் அதே ஆயிலில் ஊறிக் கெடும்.

கேஸில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: கேஸுக்குப் பொறி பிறக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. பெட்ரோலில் தாக்குப்பிடிக்கும் தேய்ந்த பிளக், கேஸுக்கு மாற்றியதும் திக்கத் தொடங்கும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கி, பாடியில் காட்டிப் பொறி பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். எம்.பி.எஃப்.ஐ. காரில் அது காயிலையும் இ.சி.யூ-வையும் சேர்த்துக் காலி செய்யக்கூடும். கையில் வாங்கும் அடியும் சாதாரணமானது அல்ல. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கமே போக வேண்டாம்.

சூடான அலுமினிய இன்ஜினில் பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். புதுப் பிளக்கை முதலில் கையால் திருகி, பிறகுதான் பானா போட வேண்டும்.

விளக்கு மின்னினால் ஓரம் கட்டுங்கள்

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், நிதானமாக ஓட்டி ஒர்க்ஷாப் போய்ச் சேரலாம். மின்னி மின்னி எரிந்தால் கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் சேர்ந்த பாகம் அது. உருகிப்போனால் காயில் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, வளைவில் இல்லாமல் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். கோடையில் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தவே கூடாது. கன்வெர்ட்டரின் சூடு புல்லைப் பற்றவைத்துவிடும்.

பி0335 வந்த காரை மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பிறகு கட்டை மிதிப்பதுபோல் இருக்கும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். சாவியை உருவி ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடாதீர்கள்.

ஒர்க்ஷாப்பில் மூன்று கேள்விகள்

"அண்ணே, என்ன கோடு வந்துச்சு? எழுதிக் கொடுங்க."

"இந்த பார்ட்தான் போச்சுன்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?"

"மாத்தினப்புறம் ஏத்தத்துல ஓட்டிப் பாத்தீங்களா?"

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கச் செலவிடும் அரை மணி நேரக் கூலி, தேவையில்லாத மூன்று காயிலின் விலையைவிடக் குறைவுதான். அடுத்த முறை குடும்பத்தோடு குமுளி ஏறும்போது, அந்த அரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

*அடுத்த வாரம்: மலை இறங்கும்போது பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வருவது ஏன்?*