20 ஆயிரம் டாலர் என்றார்களே!

அமெரிக்காவில் தச்சர், தோட்டக்காரர், குழாய் ரிப்பேர் செய்கிறவர் போன்றவர்கள் வைத்து இருக்கும் வண்டிக்கு "பிக்-அப்" என்று பெயர். முன்னால் ஆட்கள் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. அதில் பலகை, ஏணி, சிமெண்டு மூட்டை எதையும் போடலாம்.

பெரிய பிக்-அப் வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே, "மலிவான குட்டி பிக்-அப் வரப்போகிறது" என்று ஒரு கம்பெனி சொன்னால், சின்ன வருமானக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆசை தவறு அல்ல. ஆனால், வண்டி வருவதற்கு முன்னால் சொல்லும் விலை வேறு. வாங்கும்போது கையை விட்டுப் போகும் பணம் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்பதுபோலக் காட்டுவது நியாயம் ஆகாது.

பெயிண்டு கிடையாது!

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் "ஸ்லேட்" என்ற புதிய கம்பெனி, மின்சார பிக்-அப் ஒன்றைக் காட்டியது. அமேசான் கம்பெனியைத் தொடங்கிய கோடீசுவரர் ஜெப் பெசோஸ், இதற்குப் பணம் போட்டவர்களில் ஒருவர்.

விசித்திரமான வண்டி! பெயிண்டு கிடையாது. ரேடியோ கிடையாது. கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கவேண்டும். எல்லாம் செலவைக் குறைப்பதற்காக. இது நல்ல யோசனைதான். ஏணி ஏற்றுகிறவருக்கு வண்டிக்குள் சினிமாத் திரை எதற்கு?

விலை "20 ஆயிரம் டாலருக்கும் குறைவு" என்றார்கள். 50 டாலர் கட்டிப் பெயரைப் பதிவு செய்யலாம். வேண்டாம் என்றால் பணம் வாபஸ். ஒரு மாதம் முடிவதற்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்துவிட்டார்கள்!

அந்த 20 ஆயிரத்துக்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. மின்சார வண்டி வாங்குகிறவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் 7,500 டாலர் வரை வரிச்சலுகை கொடுத்து வந்தது. அதைக் கழித்துச் சொன்ன விலை அது.

2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் 30-ந் தேதியோடு சலுகை நின்றது. "20 ஆயிரம்" என்ற பேச்சு, கம்பெனியின் விளம்பரத்தில் இருந்து மறைந்தது. "25 ஆயிரம் அளவில்" என்று ஆகிவிட்டது.

சட்டம் மாறினால் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அரசாங்கம் கொடுக்கும் பணத்தைத் தன் வண்டியின் மலிவாகக் காட்டியது கம்பெனிதானே?

இன்னொன்று. 2025-ல் சொன்ன கணக்குப்படி, சாதாரண பேட்டரி 240 கிலோமீட்டர் ஓடும். 385 கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் பெரிய பேட்டரி. அதற்குத் தனியாகப் பணம். பாரம் ஏற்றினாலும் குளிர் அதிகமானாலும் ஓடும் தூரம் குறையும். கிராமப்புறத்துத் தொழிலாளிக்குப் பெரிய பேட்டரிதான் உதவும். அவருக்கு அந்த மலிவு விலையால் என்ன பயன்?

மாறிய என்ஜின்

பெட்ரோல் வண்டியிலும் இந்தக் கதை நடந்து இருக்கிறது. 2021 ஜூன் மாதம் போர்டு கம்பெனி "மேவரிக்" என்ற குட்டி பிக்-அப்பை அறிவித்தது. விலை 19,995 டாலர். கம்பெனியில் இருந்து கடைக்குக் கொண்டுவரும் கூலி 1,495 டாலர் தனி!

இருந்தாலும் அது நல்ல வண்டி. பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் "ஹைப்ரிட்" முறை, அந்தக் குறைந்த விலையிலேயே கிடைத்தது. நகரத்துக்குள் லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதிக சக்தி உள்ள 250 குதிரைச் சக்தி பெட்ரோல் என்ஜின் வேண்டும் என்றால்தான் கூடுதல் பணம். சிக்கனக்காரருக்குச் சிக்கன என்ஜின்! ஜனங்கள் மொய்த்தார்கள். 2022 ஜனவரி கடைசியில், அந்த ஆண்டு வண்டிக்கு ஆர்டர் வாங்குவதையே நிறுத்த நேர்ந்தது.

பிறகு? 2024 வண்டியில் எல்லாம் தலைகீழ். பெட்ரோல் என்ஜின் சாதாரணம் ஆயிற்று. ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாக 1,500 டாலர். 2025 வண்டியில் ஹைப்ரிட் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனால் தொடக்க விலை 26,295 டாலர்!

இரும்பும் கூலியும் ஏறியது பொய் அல்ல. விலையைக் கொஞ்சம் ஏற்றியதை மன்னிக்கலாம். சிக்கன என்ஜினை ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதையே கூடுதல் விலைச் சாமான் ஆக்கியதை மன்னிப்பது கடினம்.

முன்பணம் வாங்குகிற கம்பெனிக்கு ஒரு கட்டாயம் வேண்டும். எந்த என்ஜின், எந்த பேட்டரி, கொண்டுவரும் கூலி எவ்வளவு, சலுகை போகாமல் விலை எவ்வளவு என்று ரசீதிலேயே அச்சடிக்கவேண்டும். பதிவு செய்கிறவர்களும் 50 டாலர் கட்டட்டும்; தவறு இல்லை. புது வண்டி வாசலுக்கு வரும்முன் பழைய வண்டியை விற்றுவிட வேண்டாம்.

2027-ல் 30 ஆயிரம் டாலர் அளவில் ஒரு மின்சார பிக்-அப் வரும் என்று போர்டு கம்பெனி 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த 30 ஆயிரம், கொண்டுவரும் கூலியோடா, கூலி இல்லாமலா? பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால் கம்பெனி இதைச் சொல்லிவிடட்டும்.