வகுப்பறைக்கு வெளியே கல்வி: பரிந்துரைகள் ஏராளம், அரசுப் பள்ளியை எட்டுவது எப்போது?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில், மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் நேரடியாகக் கற்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்தது. இதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2024 ஜூலையில் வெளியாகின. இந்த நாட்களை ஆண்டு நாட்காட்டியில் இரண்டு அல்லது மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும், காய்கறிச் சந்தை, சாண எரிவாயு நிலையம் போன்ற இடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம் என்றும் அவை கூறுகின்றன.

இந்தச் சிந்தனை புதியதன்று. 1992-இல் மத்திய அரசு அமைத்த தேசிய ஆலோசனைக் குழு, இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் 1993-இல் அறிக்கை அளித்தது. பையின் எடையைவிட, பாடம் புரியாமையே மாணவருக்குப் பெருஞ்சுமை என்று அது சுட்டிக்காட்டியது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் அவர் தலைமையில்தான் உருவானது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைப்பதே அதன் முதல் வழிகாட்டுக் கோட்பாடு. அதற்காக 21 கருத்துக் குழுக்கள் செயல்பட்டன. அவற்றுள் வாழிடமும் கற்றலும் குறித்த குழுவுக்குச் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமை வகித்தார்.

தடை எங்கே?

ஆக, அறிஞர்களின் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. நேரமும் பெருந்தடையன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் உண்டு. பத்து நாட்கள் என்பது அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு.

உண்மையான இடர்ப்பாடு பள்ளி வாசலில் இருக்கிறது. வாகனச் செலவை யார் ஏற்பது? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஓரிரு ஆசிரியர்களே உள்ள பள்ளியில் ஒருவர் மாணவர்களுடன் வெளியே சென்றால், மற்ற வகுப்புகளைக் கவனிப்பது யார்? தலைநகரில் கூடும் குழுக்கள் இக்கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை. கல்வி பொதுப் பட்டியலில் உள்ளதால், மாநில அரசின் ஆணையும் நிதியும் இல்லாமல் தலைமை ஆசிரியர் எதையும் தொடங்கத் துணியமாட்டார்.

கைவசம் உள்ள கருவி

விடை காணக்கூடிய அமைப்பு ஒன்று ஏற்கெனவே உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியுள்ளது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அக்குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாக வேண்டும் என்கிறது சட்டம். வெளிக்கள வகுப்புகளின் நாள், இடம், பேருந்துச் செலவு, முதலுதவி ஏற்பாடு ஆகியவை அத்திட்டத்தில் இடம்பெற்றால், பரிந்துரை உரிமைக் கோரிக்கையாக மாறும். மேலும், கொள்கை தேடும் உள்ளூர் வல்லுநர்கள் பலர் அக்குழுவில் உள்ள பெற்றோரே.

ஆனால் பல இடங்களில் இக்குழுக்கள் கையெழுத்துக்காக மட்டுமே கூடுகின்றன என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். தச்சரின் பிள்ளையைத் தச்சுப் பட்டறையோடு நிறுத்திவிட்டால், அது கல்வியாகாது. பரம்பரைத் தொழிலுக்கான பயிற்சியாகவே முடியும். வங்கி, ஆய்வகம், அருங்காட்சியகம், நீதிமன்றம் ஆகியவையும் அந்தப் பத்து நாட்களில் இடம்பெற வேண்டும்.

மாநில அரசுகள் செய்யக்கூடியது தெளிவு. ஆலோசனைக் குழுக்களில் கல்வியாளர்களுடன் சிற்றூர் ஆசிரியர்களையும் பெற்றோரையும் சேர்க்கலாம். பயண அனுமதிக்கும் பாதுகாப்புக்கும் ஒரே எளிய விதிமுறையை வகுக்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் சிறு தொகையைத் தனியே ஒதுக்கலாம். வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குச் சுற்றுலாவும் முகாமும் விலைகொடுத்துப் பெற்றுவிடும். பள்ளி அழைத்துச் சென்றால் மட்டுமே வெளியுலகைக் காண வாய்ப்புள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள்.