கச்சிராயபாளையம் டூ சென்னை: ஐ.எஸ்.எல். மேட்ச் பார்க்க டிக்கெட் மட்டும் போதுமா?

சென்னையின் எஃப்.சி. ஆட்டத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுப்பது சில நிமிட வேலைதான். ஆனா கச்சிராயபாளையம் ரசிகருக்கு உண்மையான சிக்கல் அதுக்கு அப்புறம்தான்.

என்ன சிக்கல்?
முதலில் கள்ளக்குறிச்சிக்கு பஸ். அங்கிருந்து சென்னை சுமார் 250 கி.மீ. இப்போது அந்தப் பக்கத்து பஸ்கள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பெரியமேடு நேரு ஸ்டேடியம் போக இன்னும் 30 கி.மீ.

இரவு 7.30 மணி ஆட்டம் முடியவே 9.30 ஆகிவிடும். அதுக்கு மேல பஸ் ஏறினா ஊர் சேர விடிஞ்சிடும். மறுநாள் வேலை நாள் என்றால் ஒருநாள் சம்பளமும் போச்சு.

தேதி ஏன் முக்கியம்?
அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்குமான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அது புதுப்பிக்கப்படாததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் போட்டிக்கு 2026 பிப்ரவரி 14 என்று தேதி அறிவிக்கப்பட்டது.

சென்னைக்காரர் மேட்ச் அன்னைக்குக்கூட முடிவு பண்ணலாம். வெளியூர்க்காரர் லீவு, பஸ் எல்லாம் முன்கூட்டியே பார்க்கணும். அட்டவணை சீக்கிரம் வந்து, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆட்டம் இருந்தால், ஞாயிறு காலை வீடு திரும்பி ஓய்வெடுக்கலாம். கள்ளக்குறிச்சி பக்கத்து ரசிகருக்கு டிக்கெட் விலையைவிட இதுதான் பெரிய சலுகை.