ஹார்வர்டில் இடம் கிடைக்குமா? 3.6 சதவீதம் என்ற எண்ணை எப்படிப் படிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பில் 98 சதவீதம். எஸ்.ஏ.டி தேர்வில் 1600-க்கு 1540. பள்ளி ரோபோட்டிக்ஸ் கிளப்பின் தலைவர். மாநில அளவில் ஒரு செஸ் பதக்கம். "இதை வெச்சு ஹார்வர்ட்ல சீட் கிடைக்குமா?"

அமெரிக்காவின் டாப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிளஸ் டூ மாணவர்களின் வீடுகளில் எழும் கேள்வி இதுதான். பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கன்சல்டன்ட் ஒரு சதவீதம் சொல்வார், இணையத்தில் இருக்கும் 'சான்ஸ் கால்குலேட்டர்' இன்னொரு சதவீதம் சொல்லும், ஏ.ஐ சாட்பாட் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். ஆனால், தனி ஒரு மாணவரின் வாய்ப்பை ஒற்றை எண்ணில் துல்லியமாகச் சொல்ல இவர்கள் யாராலும் முடியாது.

அதற்காக எதையுமே கணிக்க முடியாது என்று அர்த்தமில்லை. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்தால் தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம். லட்சக்கணக்கில் பணமும் ஒரு வருட உழைப்பும் இதில் இருக்கிறது.

நம்ம ஊர் கணக்கு அங்கே ஏன் செல்லாது?

தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங் என்றால் கணக்கு எளிது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப். கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் போன ஆண்டு எந்தக் கட்-ஆஃப்பில் முடிந்தது என்று பார்த்தால், இந்த ஆண்டு கிடைக்குமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஐ.ஐ.டி-க்கும் அப்படித்தான். ஜே.இ.இ அட்வான்ஸ்டு ரேங்க் கையில் இருந்தால், முந்தைய ஆண்டுகளின் கடைசி ரேங்க் பட்டியலைப் பார்த்து வாய்ப்பை எடைபோடலாம். கோட்டுக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே.

அமெரிக்காவில் அந்தக் கோடே கிடையாது. மதிப்பெண், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த வேலைகள், குடும்பச் சூழல் என எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்கிறது. 'முழுமையான மதிப்பீடு' என்று இதற்குப் பெயர்.

இந்த முறை உள்ளே எப்படி இயங்குகிறது என்பது ஒரு வழக்கால் வெளியே தெரிந்தது. ஹார்வர்டின் சேர்க்கை முறையில் ஆசிய வம்சாவளி மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்கு அது. 2023 ஜூன் 29-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் கொண்டு இடம் தரும் முறையைச் செல்லாது என்று அறிவித்தது. அதற்கு முன் கீழமை நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் ஹார்வர்டின் உள் புள்ளிவிவரங்கள் பொதுவெளிக்கு வந்தன.

2015-ல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவில் இருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்திருந்தனர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பள்ளி மதிப்பெண்ணில் முழுமை பெற்றவர்கள். சுமார் 3,400 பேர் எஸ்.ஏ.டி கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள். முதலாண்டில் இருந்த இடமோ சுமார் 1,600. அதாவது, முழு மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்தால்கூட இடம் போதாது. மதிப்பெண் என்பது அங்கே வாசலைத் தாண்டுவதற்கான டிக்கெட். போட்டி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

3.6 சதவீதம், யாருடைய சதவீதம்?

2024-ல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் தரப்பட்டது 1,937 பேருக்கு. கிட்டத்தட்ட 3.6 சதவீதம். நூறு பேரில் நான்கு பேர்கூட இல்லை. சரி, அப்போ ஒரு மாணவரின் வாய்ப்பும் 3.6 சதவீதம்தானா?

இல்லை. அது 54,008 பேருக்குமான சராசரி. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை.

முதலில், சராசரியை மேலே இழுப்பவர்கள். விளையாட்டுக்காகத் தேர்வு செய்யப்படுபவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களுடன் தொடர்புடையவர்கள் இடம்பெறும் டீனின் சிறப்புப் பட்டியலில் இருப்பவர்கள், ஹார்வர்டில் பணிபுரிவோரின் பிள்ளைகள் என நான்கு வகையினர். வழக்கில் வெளியான 2014 முதல் 2019 வரையிலான பட்டதாரி வகுப்புகளின் தரவைப் பொருளாதார அறிஞர் பீட்டர் ஆர்சிடியாகோனோ குழுவினர் ஆராய்ந்தனர். அமெரிக்க விண்ணப்பதாரர்களில் இவர்களின் பங்கு வெறும் 5 சதவீதம். ஆனால், இடம் பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். அதே நிலை தொடர்வதாக வைத்துக்கொண்டால், இந்த வகைகளில் எதிலும் வராத ஒருவருக்கான சராசரி 3 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

அடுத்து, சராசரியைக் கீழே இழுப்பவர்கள். 2020-ல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 40,248. கொரோனா காலத்தில் 'எஸ்.ஏ.டி மதிப்பெண் கட்டாயமில்லை' என்று அறிவித்ததும், அடுத்த ஆண்டே அது 57,435 ஆனது. இடம் தரப்பட்டவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறவே இல்லை: 1,980-ல் இருந்து 1,968. ஆனால் சதவீதம் 4.9-ல் இருந்து 3.4-க்கு விழுந்தது. "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று கூடுதலாக வந்தவர்கள் பலர். வலுவான ஒரு மாணவரின் உண்மையான போட்டி அந்த அளவுக்குக் கடுமையாகிவிடவில்லை. 2025-ல் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியதும் விண்ணப்பங்கள் 50,000-க்குக் கீழே வந்தன, சதவீதம் 4-ஐத் தாண்டியது.

சதவீதத்தின் கீழே இருக்கும் எண் மாறினாலே மொத்தக் கணக்கும் மாறிவிடும். அதனால், "போன வருஷத்தைவிட ஒரு சதவீதம் குறைஞ்சிடுச்சு" என்று பதறுவதிலும் அர்த்தமில்லை.

1540 எடுத்தால் போதுமா?

கல்லூரிகள் வெளியிடும் மதிப்பெண் வரம்பு பலரையும் குழப்பும் இன்னொரு விஷயம். ஹார்வர்ட் மாணவர்களின் எஸ்.ஏ.டி நடு 50 சதவீத வரம்பு சமீப ஆண்டுகளில் சுமார் 1500 முதல் 1580. "என் மகன் 1540, நடுவுல இருக்கான், அப்போ பாதிக்குப் பாதி சான்ஸ்" என்று பெற்றோர் நினைப்பது இயல்பு.

ஆனால், அந்த வரம்பு உள்ளே போனவர்களின் மதிப்பெண்ணைச் சொல்கிறது. அந்த மதிப்பெண் எடுத்தவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. ஐ.ஏ.எஸ் அதிகாரிகளில் பெரும்பாலானோர் தினமும் செய்தித்தாள் படிப்பவர்களாக இருக்கலாம். அதற்காக செய்தித்தாள் படிப்பவர்களில் பெரும்பாலானோர் ஐ.ஏ.எஸ் ஆகிவிடுவார்களா என்ன?

1540 என்பது 'மதிப்பெண் காரணமாகவே ஒதுக்கிவிட மாட்டார்கள்' என்ற அளவுக்கு நம்பிக்கை தரும். அதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது.

சீக்கிரம் போட்டால் சான்ஸ் கூடுமா?

பெரும்பாலான டாப் கல்லூரிகளில் நவம்பர் தொடக்கத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று ஒன்று உண்டு. ஹார்வர்டில் 2024 சேர்க்கைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்த 7,921 பேரில் 692 பேருக்கு அந்தச் சுற்றிலேயே இடம் கிடைத்தது. 8.7 சதவீதம். வழக்கமான சுற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்று தோன்றும்.

இங்கேயும் கவனம் தேவை. விளையாட்டு வீரர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அதிகம் வருவது இந்தச் சுற்றில்தான். தயாரிப்பில் முந்தியிருக்கும் மாணவர்களும் இப்போதே போட்டுவிடுகிறார்கள். அந்த 8.7-ல் சீக்கிரம் போட்டதால் கிடைத்த பலன் எவ்வளவு, போட்டவர்கள் யார் என்பதால் கிடைத்தது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் முன்கூட்டிய சுற்றில் இடம் கிடைத்தாலும் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. கொலம்பியா, பென்சில்வேனியா, பிரவுன், கார்னெல், டார்ட்மவுத் ஆகியவற்றில் அது ஒப்பந்தம் மாதிரி. இடம் கிடைத்தால் சேர்வேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். தரப்படும் நிதியுதவி போதவில்லை என்றால் விலகலாம். ஆனால், மற்ற கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வு செய்யும் வாய்ப்பு போய்விடும்.

இந்திய மாணவருக்கு வேறு கணக்கு

இங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளிநாட்டு மாணவர்களுக்கான இடம். குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி-யை எடுத்துக்கொள்வோம். அங்கே வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. இதனால் மொத்தச் சேர்க்கை விகிதம் 4.5 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், வெளிநாட்டினருக்கு அது 2 சதவீத அளவில்தான். மொத்த விகிதத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

இரண்டாவது, பணம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலேயே முடிவெடுக்கின்றன. இடம் கொடுத்துவிட்டால், குடும்பத்தின் தேவைக்கேற்ற முழு உதவியும் உண்டு. ஆனால் ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா போன்றவை வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அங்கே உதவி கேட்டால் போட்டி இன்னும் கடுமை. அதற்காகத் தேவை இருந்தும் கேட்காமல் விட்டுவிட்டு, "சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று நினைப்பது ஆபத்து. முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்பதைப் பல கல்லூரிகள் அனுமதிப்பதில்லை.

பணத்தின் செல்வாக்கு இதோடு முடிவதில்லை. ஹார்வர்ட் பொருளாதாரப் பேராசிரியர் ராஜ் செட்டி குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு 12 டாப் தனியார் கல்லூரிகளைப் பார்த்தது. ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்த அமெரிக்க மாணவர்களில், வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இந்தக் கல்லூரிகளில் சேர்கிறார்கள் என்பது அதன் முடிவு.

பத்துக் கல்லூரிக்குப் போட்டால்?

ஒரு கல்லூரியில் 5 சதவீத வாய்ப்பு என்றால், பத்துக் கல்லூரிக்குப் போட்டால் 50 சதவீதமா? இல்லை. ஒவ்வொன்றிலும் நிராகரிக்கப்படும் வாய்ப்பு 95 சதவீதம். 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் சுமார் 0.60 வரும். ஆக, ஏதாவது ஓர் இடம் கிடைக்கும் வாய்ப்பு 40 சதவீதம்.

அதுவும் பத்து முடிவுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றால்தான். நிஜத்தில் எல்லாக் கல்லூரிக்கும் போவது அதே மதிப்பெண், அதே பரிந்துரைக் கடிதம், கிட்டத்தட்ட அதே கட்டுரை. ஓர் இடத்தில் எடுபடாத விண்ணப்பம் இன்னோர் இடத்திலும் எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் உண்மையான வாய்ப்பு 40-க்குக் கீழே. பெரும்பாலான டாப் கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணமே 75 டாலர் அல்லது அதற்கு மேல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்கு கேட்கலாம்.

அப்போ என்னதான் செய்வது?

• கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் இதை வெளியிடுகின்றன. இதில் சி7 பகுதி, எந்தத் தகுதிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும். சி9 பகுதியில் மதிப்பெண் விவரம். எச்6 பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு உதவி என்ற விவரம்.

• வாய்ப்பைச் சதவீதமாக எழுதாமல் மூன்று வகையாகப் பிரியுங்கள்: பெரும்பாலும் கிடைக்கும், கிடைக்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். சேர்க்கை விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எந்தக் கல்லூரியும், மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மூன்றாவது வகைதான்.

• 'பெரும்பாலும் கிடைக்கும்' பட்டியலில் இருக்கும் கல்லூரி இரண்டு சோதனையில் தேற வேண்டும். அந்தச் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியுமா? அங்கே மட்டும் கிடைத்தால் மாணவர் மனசாரச் சேர்வாரா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது பாதுகாப்பான தேர்வு ஆகாது. ஜே.இ.இ, பொறியியல் கவுன்சலிங் போன்ற உள்ளூர் வழிகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

• யாராவது "சீட் கேரன்டி" என்றாலோ, "உங்களுக்கு 70 சதவீத வாய்ப்பு" என்றாலோ, அந்த எண் எந்தத் தரவில் இருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

விண்ணப்பித்த நூறு பேரில் 96 பேருக்கு 'இல்லை' என்று சொல்லும் இடத்தில், அந்த 96 பேரும் தகுதி இல்லாதவர்கள் அல்ல. முழு மதிப்பெண் எடுத்த ஆயிரக்கணக்கானோரும் அதில் இருக்கிறார்கள் என்பதை நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களே காட்டின. மார்ச் மாதக் கடைசியில் முடிவு வரும்போது பிள்ளையிடம் "எங்கே தப்பு பண்ணினே?" என்று கேட்கும் முன், பெற்றோர் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.