டிக்கெட்டுக்கு முன் இஞ்ச் டேப்



முழுப்பரீட்சை முடிவதற்குள்ளேயே பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "இந்த லீவுக்காவது சிங்கப்பூர் போலாமாப்பா? யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பாக்கணும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வகுப்புத் தோழி யாராவது போய் வந்திருப்பாள். சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தப் பெரிய பூமி உருண்டைக்கு முன்னால் நின்று எடுத்த படம் அம்மாவின் செல்போனுக்கும் வந்திருக்கும். அப்பா "பாக்கலாம்" என்பார். அம்மா மனசுக்குள் கணக்குப் போடுவார். இருவர் போட்ட கணக்கும் வாய்விட்டு வெளியே வராது. அதை இன்று வெளியே எடுத்து வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். முன்பு போய் வந்தவர்கள் சொல்லும் தொகையை நம்பி இறங்காதீர்கள். செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா 2010-இல் திறந்தபோது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 35 ரூபாய்கூட ஆகவில்லை. இன்று அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே விலையே ஏறாமல் இருந்திருந்தாலும் நமக்குச் செலவு இரட்டித்திருக்கும். அங்கேயும் விலை ஏறித்தான் இருக்கிறது. ஆகவே டாலரை 70 ரூபாய் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். கொஞ்சம் குறைந்தால் அது கையில் மிச்சம்.

அப்பா, அம்மா, 12 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள், நான்கு இரவு என்று வைத்துக்கொள்வோம். பூங்காவின் ஒருநாள் டிக்கெட் பெரியவருக்கு 80 டாலரை ஒட்டியும் பிள்ளைக்கு 60 டாலரை ஒட்டியும் இருக்கும். தேதியைப் பொறுத்து ஏறும், இறங்கும். நால்வருக்கும் சேர்த்து 280 டாலர், அதாவது 19,600 ரூபாய். நான்கு வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. "அவ்வளவுதானே" என்று தோன்றும் இடம் இதுதான். மண்டப வாடகை தெரிந்துவிட்டதால் கல்யாணச் செலவு தெரிந்துவிட்டதாக ஆகுமா?

விமானத்துக்கு ஆளுக்கு 25,000 வைத்தால் ஒரு லட்சம். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் விமானத்தில் தனி இருக்கை, கிட்டத்தட்ட முழுக் கட்டணம் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். தங்குவதற்கு ஓர் இரவுக்கு 150 டாலர் என்றால் நான்கு இரவுக்கு 42,000. விசாவுக்கு ஏஜெண்ட் கூலியோடு 14,000 ஒதுக்குங்கள். நான்கு பேர் சாப்பாட்டுக்கு நாளைக்கு 80 டாலர் வீதம் ஐந்து நாளுக்கு 28,000. ரயில், பஸ், எப்போதாவது ஒரு டாக்ஸி எல்லாம் சேர்த்து 9,000. இன்னும் ஒன்றிரண்டு இடங்களைக் காசு கொடுத்துப் பார்க்க 14,000. வாங்கி வருவதற்கு 20,000. இதுவரை இரண்டரை லட்சத்தை நெருங்கிவிட்டோம். இதன்மேல் இன்ஷூரன்சுக்கும் எதிர்பாராததற்கும் 25,000 வைத்தே ஆகவேண்டும். வெளிநாட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்கத் தயங்கும்படி ஆகிவிடக் கூடாது. ஆக, 2,70,000 ரூபாய் சொச்சம்.

இதில் பூங்கா டிக்கெட்டின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் பூங்காவைச் சுற்றி ஆகும் செலவு. மிச்சம் பிடிக்க முடிவதும் அங்கேதான்.

எப்போது போகிறோம் என்பதே பாதிப் பணத்தைத் தீர்மானிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மே முழுக்க விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில்தான் விடுமுறை தொடங்கி ஜூனில் ஓடும். மே முதல் வாரத்தில் சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை. அந்தக் கூட்டமும் வரும். இரண்டையும் தவிர்த்தால் நமக்கு மிஞ்சுவது மே இரண்டாம், மூன்றாம் வாரம். அதிலும் செவ்வாய், புதன் போன்ற வேலைநாளாகப் பார்த்துப் பூங்காவுக்கு வையுங்கள். சனி ஞாயிறு வேண்டாம். சென்னையிலிருந்து மட்டுமல்ல, திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. உங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போய்வரும் செலவையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். குறைந்த கட்டண விமானங்களில் லக்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. திரும்பி வரும்போது பெட்டி கனத்திருக்கும் என்பதால் அந்தப் பக்க லக்கேஜை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. கவுண்ட்டரில் கட்டினால் விலை கூடுதல்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக இருக்கவேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது. அதனால் விசா கைக்கு வரும்வரை தேதியிட்ட பூங்கா டிக்கெட்டை வாங்காதீர்கள். நாட்டுக்குள் நுழையுமுன் நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குச் சிங்கப்பூர் அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

இனி இஞ்ச் டேப்புக்கு வருகிறேன். பூங்காவில் டிக்கெட் கொடுப்பது வயதைப் பார்த்து. ரைடில் ஏற்றுவது உயரத்தைப் பார்த்து. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குப் பிள்ளை 102 செ.மீ. இருக்கவேண்டும். ஜுராசிக் பார்க் படகுக்கு 107. இருட்டுக்குள் பாயும் மம்மி ரைடுக்கு 122. ஒன்றை ஒன்று துரத்தும் அந்த இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. ஐந்து வயதில் 108 செ.மீ. உயரமுள்ள பிள்ளை, அண்ணன் ஏறும் பெரிய ரைடுகளின் வாசலில் அழுதுகொண்டு நிற்கும். அதற்கும் 60 டாலர் கொடுத்திருப்போம். வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கவைத்து அளந்து, "இது உனக்கு, இது அடுத்த தடவை" என்று ஊரிலேயே சொல்லிவிட்டால் அந்த அழுகை இல்லை. 2025-இல் மினியன்களுக்கென்று தனிப் பகுதி திறந்திருக்கிறார்கள். சின்னவர்களின் நேரத்தை அங்கே வைக்கலாம். அளந்து பார்த்தபின் இன்னும் இரண்டு வருடம் பொறுப்போம் என்று முடிவு செய்கிற வீடும் இருக்கும். அது நல்ல முடிவு. அந்த இரண்டு வருடத்தில் பணமும் சேரும்.

தாத்தா பாட்டியும் வருகிறார்களா? அவர்களுக்கும் டிக்கெட் எடுப்பது கடமை என்று நினைத்து எடுத்துவிட்டு, அவர்கள் நாள் முழுக்க வெயிலில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆகிறது. அவர்களிடமே கேளுங்கள். அந்தப் பூமி உருண்டை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அப்பாவும் பிள்ளைகளும் உள்ளே போகட்டும். அம்மா விருப்பப்பட்டால் பெரியவர்களோடு செந்தோசாவின் கடற்கரைக்குப் போகலாம். தீவுக்குள் ஓடும் மோனோ ரயிலுக்குக் கட்டணம் இல்லை. விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து தீவுக்குள் வரும்போது மட்டும் நான்கு டாலர். பாலத்தின் வழியாக நடந்து வந்தால் அதுவும் மிச்சம்.

வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் விலை சில நாட்களில் டிக்கெட் விலையையே எட்டிவிடும். வேலைநாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நின்றால் வேண்டாம் என்பது என் எண்ணம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் தனியாளாக ஏறுபவர்களுக்கான வரிசை சில ரைடுகளில் உண்டு. பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் சீக்கிரம் நகரும். ஒருநாள் மட்டுமே கையில் இருந்து, அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் பாஸ் வாங்குவதில் தப்பில்லை. மழைக்கோட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். படகு ரைடில் நனைவது நிச்சயம், மழையும் சொல்லாமல் வரும், உள்ளே வாங்கினால் விலை அதிகம். தண்ணீர் பாட்டிலும் வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு நாளைக்கு 80 டாலர் போதும் என்று சொன்னது ஹாக்கர் சென்டர்களையும் லிட்டில் இந்தியாவையும் மனதில் வைத்து. தேக்கா மார்க்கெட்டின் கடைகளில் வயிறு நிறையச் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் இருக்கிறது. ஏசி உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பத்து சதவீதச் சேவைக் கட்டணமும் ஒன்பது சதவீத வரியும் பில்லில் ஏறும் என்று அர்த்தம். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போனால் உள்ளே ஒரே ஒரு வேளைக்குச் செலவழித்தால் போதும்.

அங்கே உறவுக்காரர்கள் இருந்தால் தங்குமிடச் செலவு மிச்சம்தான். ஆனால் அடுக்குமாடி வீட்டில் அவர்களுக்கே இடம் அளவாக இருக்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். இரண்டு நாள் அவர்களோடு, இரண்டு நாள் தனி அறையில் என்று பிரித்துக்கொண்டால் உறவும் இனிக்கும். அறை பதிவு செய்யும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். அங்கே ஓர் அறைக்கு இத்தனை பேர் என்பதில் கண்டிப்பு அதிகம்.

பொம்மைக்கடை விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ரைடை விட்டு இறங்கினால் வழி நேரே கடைக்குள் போகும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு நேரே பொம்மை. நாம் "வேண்டாம்" என்றால் அந்த நாளே கெட்டுப்போகும். எங்கள் அலுவலகத் தோழி ஒருவர் கிளம்புமுன்பே இரண்டு பிள்ளைகளிடமும் ஆளுக்கு ஓர் உறையில் 20 டாலர் கொடுத்துவிட்டார். "இது 1,400 ரூபாய். உன் காசு. எதுவும் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். இதற்குமேல் இல்லை." பெரியவள் நாள் முழுக்க விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூங்காவில் ஒன்றும் வாங்காமல் மறுநாள் முஸ்தபா கடையில் தனக்கு ஒரு பென்சில் பெட்டியும் பாட்டிக்குக் கோடரித் தைலமும் வாங்கினாளாம். சின்னவன் முதல் கடையிலேயே ஒரு மினியனை வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழவில்லை. தன் காசு என்று வந்துவிட்டால் பிள்ளைகள் நம்மைவிடப் பொறுப்பாகச் செலவழிப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

ஊருக்கு வாங்கி வரவேண்டிய சாக்லேட், தைலப் பட்டியலை மட்டும் ஊரிலேயே எழுதிவிடுங்கள். யாருக்கு, எத்தனை என்று எழுதாமல் போனால் கடைசி நாள் விமான நிலையத்தில் பதற்றத்தில் அள்ளுவோம்.

பேக்கேஜ் டூரில் போகிறவர்கள் யுனிவர்சல் டிக்கெட் அதில் சேர்ந்திருக்கிறதா, எந்தெந்த வேளைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று ஒரு வரியையும் சேர்த்து வாங்குவார்கள். 2020 அக்டோபரில் வந்த இந்த வரியின் விகிதம் இடையில் மாறியிருக்கிறது. இன்றைய விகிதத்தைக் கேட்டு அதற்கும் பணம் வையுங்கள். அது போன காசு இல்லை. யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆகவே தாக்கல் செய்கிறவரின் பெயரிலேயே கட்டுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயா, டாலரா" என்று கேட்டால் டாலரைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

2,70,000 ரூபாயை 18 மாதத்தில் சேர்க்க மாதம் 15,000 வேண்டும். வங்கியில் ஆர்.டி. போட்டுவிட்டால் கைக்கு எட்டாமல் இருக்கும். 15,000 முடியாது, 7,000தான் முடியும் என்றால் மூன்று வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதுவும் சரிதான். ஆனால் நகையை அடகு வைத்தோ, "இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" என்று கூப்பிடும் தவணைக் கடனிலோ போகாதீர்கள். கேட்டுக்கொள்ளும் உரிமையில் கேட்கிறேன். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் வரும்போது அந்தத் தவணையும் வந்து நிற்கும். வீட்டில் வார்த்தைகள் தடிக்கும். காரணம் பிள்ளைகளுக்கும் தெரியும். தங்களுக்காகத்தான் இந்தக் கடன் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ள விடக் கூடாது.

இப்போதைக்கு முடியாது என்றால் அதைப் பிள்ளைகளிடம் எண்ணோடு சொல்லுங்கள். "இவ்வளவு ஆகும், இவ்வளவு சேர்ந்திருக்கிறது" என்று காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். "பாக்கலாம்" என்ற பதில்தான் அவர்களுக்குப் புரிவதில்லை. இந்த மே மாதத்தில் பெங்களூரு வொண்டர்லாவுக்கு ஒருநாள் போய் வாருங்கள். அங்கே எந்த ரைடில் கத்தினார்கள், எதில் ஏற மறுத்தார்கள் என்று பார்த்தாலே சிங்கப்பூரில் எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

போய் வந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்ட கணக்கையும் உண்மையில் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எந்த மாதம் போனீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, எது எதிர்பாராமல் வந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வெளியிடுகிறோம். பூஜை விடுமுறை இதழில் அவற்றைத் தொகுத்துத் தர ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்